பெயர் எழுதாத மனு

கரா-பெல், 2003 மே 14

சின்ன மிர்சாவுக்கு,

பால் லாரி கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது. தொக்தோசுன் இஞ்சினை அணைக்காமல் வாசலில் நின்றுகொண்டு, "கென்ஜெகான் அக்கா, கடுதாசியா, காவியமா?" என்று கத்துகிறான். அவன் வாயை மூட ஒரு கிண்ணம் மோர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இத்துடன் எங்கள் குழுவின் மனு இருக்கிறது. நாங்கள் பதினோரு வீட்டுப் பெண்கள் சேர்ந்தது உனக்குத் தெரியும். பாலைச் சேர்த்து விற்பதோடு நின்றுவிடுவோம் என்று ஊரில் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். இப்போது தண்ணீருக்கு இறங்கியிருக்கிறோம். மேலே பாறை ஊற்றிலிருந்து ஊர் நடுவரை ஆயிரத்து நானூறு மீட்டர். நானே கயிறு பிடித்து அளந்தேன். பள்ளத்தை நாங்கள் தோண்டுகிறோம், கூலி வேண்டாம். குழாயை ஊராட்சி தர வேண்டும். போன ஜனவரியில் ஆற்றில் பனியை உடைத்துத் தண்ணீர் எடுக்கப் போய் பாத்மா விழுந்தாள். இன்னும் நொண்டுகிறாள். இன்னொரு குளிர்காலத்தை அந்த ஆற்றோடு கழிக்க எங்களால் முடியாது.

நீ தலைவரான பிறகு உன்னிடம் நான் கேட்கும் முதல் காரியம் இது. அண்ணி கேட்டாள் என்பதற்காகச் செய்யாதே. காகிதம் சரியாக இருந்தால் செய்.

அவன் ஹாரன் அடிக்கிறான்.

கென்ஜெகான்


சோங்-தாம், மே 21

அன்புள்ள அண்ணி,

காகிதம் சரியாக இல்லை.

"மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் சின்ன மிர்சா அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தர் அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் நடுவில் உரக்கப் படித்துவிட்டான். கால்நடை மருத்துவர் டீயைத் துப்பிவிட்டார். அன்றிலிருந்து காவல்காரன்கூட எனக்கு "வணக்கம், சின்ன மிர்சா" என்கிறான்.

புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா உங்களுக்குச் சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை. நீங்கள் மணப்பெண்ணாக வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெயர் சொல்லாமல் கூப்பிட நீங்கள்தான் எனக்கு மிர்சா என்று பிரபுக்களின் பட்டத்தைக் கொடுத்தீர்கள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவனுக்கு. ஆனால் எழுதினால்கூடவா தப்பு? அரசாங்கக் காகிதத்துக்குக் கொழுந்தன், அண்ணி எல்லாம் தெரியாது. குழுவில் வேறு யாராவது எழுதியிருக்கலாமே.

போகட்டும். கோடிட்ட இடத்தில் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் குழாய் வந்து சேரும். பனி இறங்காத ஆழத்துக்குத் தோண்டுங்கள். ஒன்றரை மீட்டருக்குக் குறையக்கூடாது.

உங்கள்
மமீர்குல்


கரா-பெல், ஜூலை 6

சின்ன மிர்சாவுக்கு,

எழுதினாலும் அதேதான். பேனாவைப் பிடிப்பது யார் கை? குழுவில் வேறு யார் எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். பதினோரு பேருமே உங்கள் குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். எங்கள் எல்லாருக்கும் நீ கொழுந்தன். இந்த ஊரில் உன் பெயரைச் சொல்லக்கூடிய பெண் யார் என்று பார்த்தால், உங்கள் குலத்தில் பிறந்த சின்னப் பிள்ளைகள்தான் மிச்சம்.

அறுநூறு மீட்டர் முடிந்தது. முதல் நாற்பது மீட்டர் மண், பிறகு முழுக்கக் கல். கடப்பாரை கல்லில் பட்டால் அதிர்வு தோள்வரை ஏறுகிறது. கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். காலையில் மாட்டைக் கறந்துவிட்டுப் போனால் மாலைக் கறவைக்குத்தான் திரும்புகிறோம். வீட்டில் இருந்தாலும் உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர், இன்னும் எத்தனை நாள் என்று மனசு அளந்துகொண்டே இருக்கிறது.

ஸைனாவின் புருஷன் ஒரு வாரம் குதிரைமேல் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தான். "என்ன, தங்கம் தேடுறீங்களா?" என்றான். "இல்ல, நீ தொலைச்ச மூளையத்தான் தேடுறோம். இறங்கி வந்து ஒரு கை குடு" என்றாள் ஸைனா. அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் சொந்தக் கடப்பாரையோடு வந்தான். இப்போது ஐந்து ஆண்கள் வருகிறார்கள். கூப்பிட்டதால்தான் வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் கூப்பிடவே இல்லை.

குழாயை மறந்துவிடாதே.

கென்ஜெகான்


சோங்-தாம், ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணி,

குழாய் இன்னும் வரவில்லை. நாரின் நகரத்திலிருந்து லாரி கிளம்பத் தாமதமாகிறது. செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

பள்ளம் முடிந்துவிட்டதாகத் தொக்தோசுன் சொன்னான். நான் நம்பவில்லை. அவன் என்னைக் கூட்டிப் போய்க் காட்டுவதாகப் பந்தயம் கட்டினான். அண்ணன் இருந்திருந்தால் ஊரெல்லாம் குதிரையில் சுற்றிச் சொல்லியிருப்பான்.

மமீர்குல்


கரா-பெல், செப்டம்பர் 16

சின்ன மிர்சாவுக்கு,

பத்தாம் தேதி போய் இன்றோடு ஆறு நாள்.

வாயைத் திறந்தபடி கிடக்கிறது பள்ளம். காலையில் விளிம்பில் வெள்ளையாக உறைபனி நிற்கிறது. இரண்டு இடத்தில் மண் சரிந்து மறுபடி அள்ளினோம். முந்தாநாள் பாத்மாவின் கறவைக் குதிரை உள்ளே விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு குதிரைப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. இறைச்சியைப் பதினோரு பங்காக்கி அவளே வீடு வீடாகக் கொண்டுவந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "கென்ஜெகான் ஊருக்குக் குழி வெட்டிட்டா" என்கிறார்கள். நான் தினமும் ஒருதரம் பள்ளத்தை ஒட்டி மேலே நடந்து கீழே வருகிறேன். எதற்கென்று தெரியவில்லை. நடந்தால் குழாய் வந்துவிடுமா?

எந்த நாள் என்று எழுது. எவ்வளவு தள்ளிப்போன தேதியாக இருந்தாலும் பரவாயில்லை.

கென்ஜெகான்


சோங்-தாம், செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணி,

லாரி இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பாத்மா அக்காவின் குதிரைக்கு ஊராட்சி ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். பள்ளத்தின் ஓரத்தில் முள் போட்டு வையுங்கள்.

மமீர்குல்


கரா-பெல், செப்டம்பர் 28

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு,

குழாய் செப்டம்பர் எட்டாம் தேதியே வந்துவிட்டது. தொக்தோசுன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். சோங்-தாம் பள்ளிக்கூடத்தின் வெந்நீர்க் குழாயெல்லாம் வெடித்துப்போய், எங்கள் குழாயை அறுத்து அங்கே பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சத்தையும் அடுத்த கட்டடத்துக்கு எடுத்துவிட்டீர்கள். அவன் இதை மூன்று வாரம் வயிற்றில் வைத்துக்கொண்டு என் வீட்டு மோரைக் குடித்திருக்கிறான். நேற்று பாத்மா நொண்டி நொண்டிக் கேன் தூக்கி வருவதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான். அவனை நீங்கள் திட்டக்கூடாது.

இருபத்தொன்றாம் தேதி "லாரி இன்னும் வரவில்லை" என்று எழுதினீர்கள். அதை எழுதியபோது பற்றவைக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்குமே.

நூற்றறுபது பிள்ளைகள் குளிரில் உட்கார வேண்டும் என்று நாங்கள் சொல்வோமா? எங்களிடம் கேட்டிருக்கலாம். கூடி உட்கார்ந்து பேசியிருப்போம். பாதி அங்கே, பாதி இங்கே என்றோ, வேறு வழி என்றோ பார்த்திருப்போம். குழு எதற்கு இருக்கிறது? பள்ளம் தோண்ட மட்டுமா? ஒப்பந்தத்தில் ஊராட்சியும் குழுவும் சேர்ந்து செய்யும் வேலை என்று எழுதியிருக்கிறது. தோண்டுவது நாங்கள் சேர்ந்து, முடிவு செய்வது நீங்கள் தனியாக.

நேற்று எங்கள் குழுக் கூட்டத்தில் ஊராட்சி மன்றத்துக்குப் புகார் கொடுப்பது என்று முடிவானது. நான் வாயைத் திறக்கவில்லை. ஸைனா எழுந்து என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "கொழுந்தன் பேரச் சொல்ல உனக்கு வாய் வராதுன்னா, நமக்குத் தண்ணி எங்கேருந்து வரும்? நானும் அந்தக் குலத்து மருமகதான். ஆனா தலைவி நீ. போய்ச் சொல்ல வேண்டியவ நீதான்."

கென்ஜெகான்,
கரா-பெல் மகளிர் குழு


சோங்-தாம், அக்டோபர் 3

அண்ணி,

நீங்கள் என்னை "நீங்கள்" என்று எழுதி இப்போதுதான் பார்க்கிறேன். நான்கு தடவை படித்தேன்.

எல்லாம் உண்மை. செப்டம்பர் ஆறாம் தேதி பள்ளிக்கூடத்தில் சோதனைக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், மூன்று இடத்தில் வெடித்தது. எட்டாம் தேதி குழாய் வந்தது. என் கையில் இருந்த இரும்பு அவ்வளவுதான். உங்களிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள். சின்ன வயசிலிருந்தே நான் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. அண்ணனின் குதிரைச் சேணத்தை விற்று என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் நீங்கள். அதனால்தான் கேட்க முடியவில்லை. தோண்டி முடித்த பள்ளத்தின் முன்னால் உங்களை நிறுத்திவைத்து இதையும் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு பொய் எழுதினேன். அதைக் காப்பாற்ற அதே கடிதத்தில் இன்னொன்று.

வசந்தத்தில் குழாய் வாங்கித் தருகிறேன். எழுத்தில் தருகிறேன். பள்ளத்தை இப்போதைக்கு மூடிவிடுங்கள்.

மன்றத்துக்குப் போக வேண்டாம். மன்றத்தின் முறை உங்களுக்குத் தெரியாது. எந்த அதிகாரிமேல் புகாரோ அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் புகார் கொடுப்பவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். பெயர் இல்லாத புகாரைக் கையில்கூட வாங்கமாட்டார்கள். இந்தத் தடவை கோடிட்ட இடத்தில் நானே எழுதித் தர முடியாது. உங்களால் சொல்ல முடியாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பெயரை விடுங்கள், எங்கள் அப்பாவின் பெயர். அவர் இறந்த அன்றுகூட நீங்கள் "பெரிய வீட்டுக்காரரே" என்றுதான் அழுதீர்கள்.

மமீர்குல்


கரா-பெல், அக்டோபர் 8

பள்ளத்தை மூடமாட்டோம்.

திங்கட்கிழமை வருகிறேன்.

கென்ஜெகான்


சோங்-தாம், அக்டோபர் 15

அண்ணி,

நீங்கள் கூட்டம் முடிந்ததும் நேராக லாரியில் ஏறிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மன்றத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வெள்ளைத் தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தீர்கள், உங்கள் பின்னால் பத்துப் பேரும் நின்றார்கள். செயலாளர் "யார் மேல் புகார்?" என்று கேட்டார். செயலாளர் மறுபடியும் கேட்டார். யாரோ இருமினார்கள். உங்களால் முடியாது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சொன்னீர்கள். "ஊராட்சித் தலைவர், அசான்கதீர் மகன் மமீர்குல் மேல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் எழச் சொல்லவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது மாதிரி கால் தானாக எழுந்துவிட்டது. பெரியவர் பெக்தூர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு உங்கள் வழக்கம் தெரியும். ஸைனா அக்கா அழுதார்கள், அவர்கள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் நீங்கள் பேசியது எல்லாம் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எழுத்தர் எழுதிவைத்ததைப் பிறகுதான் படித்தேன். "பள்ளிக்கூடத்துக் குழாயில ஒண்ணையும் கழட்ட வேண்டாம். புள்ளைங்க சூடா உட்காரட்டும். ஆனா இந்த ஊர்க்காரங்க எங்களுக்குக் கைம்மாறு செய்யணும். பழைய கூட்டுப்பண்ணையில பாசனத்துக்குப் புதைச்ச இரும்புக் குழாய் குதிரைமசால் புல்லு வயலுக்கு அடியில அப்படியே கிடக்கு. புதைச்சப்ப நான் அங்க வேல பார்த்தேன். எந்த வரப்புலேருந்து எந்த வரப்பு வரைன்னு காட்டுறேன். நாங்க எங்க பள்ளத்தத் தோண்டிட்டோம். இத நீங்க தோண்டிக் கொண்டாங்க." பதினைந்து கை உயர்ந்தது. இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழாய் அங்கே கிடப்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் செப்டம்பரிலேயே சொல்லியிருப்பீர்கள். இந்த ஒரு விஷயம்தான் என்னைத் தின்கிறது. மன்றம் என்மேல் போட்ட கண்டனத் தீர்மானம்கூட அவ்வளவாக உறைக்கவில்லை. நியாயம்தான் அது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான். எழுத்தர், மந்திரி அலுவலகம், கடன்காரன் எல்லாருக்கும் நான் மமீர்குல். உங்களுக்கு மட்டும்தான் வேறு. திங்கட்கிழமை நீங்கள் சொன்னபோது வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது. இனி உங்களுக்கு நான் யார்?

ஆட்களோடு வருவேன். நானும் தோண்டுவேன். வீட்டுக்கு வரமாட்டேன்.

மமீர்குல்


கரா-பெல், நவம்பர் 9

சின்ன மிர்சாவுக்கு,

இன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது.

முதலில் துரு வந்தது, பிறகு சேறு, பிறகு ஒரு செத்த தவளை. ஸைனாவின் புருஷன் தவளைக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். அதற்கப்புறம் சுத்தமாக வந்தது. பாத்மா முதல் வாளியைப் பிடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தோம். வாளி நிரம்பி வழிந்தும் அவள் கையை எடுக்கவில்லை. தண்ணீரெல்லாம் பூட்ஸுக்குள் போயிற்று. நான்கு இடத்தில் இணைப்பு கசிகிறது. மூன்றைக் கட்டியாகிவிட்டது. இதை எழுதும்போதே நாலாவதைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். மண் உறைவதற்குள் மூடியும் ஆக வேண்டும். இன்னும் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் டீ குடிக்கவில்லை.

உங்கள் ஊரிலிருந்து முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். இரண்டு பேர் சோம்பேறிகள், பெயர் சொல்லமாட்டேன். நீ மூன்று நாள் பள்ளத்துக்குள் குனிந்தே நின்றாய். நிமிர்ந்தால் நான் தெரிந்துவிடுவேனோ என்று பயந்தாய்போல. மூன்று நாளும் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாய், ஒரு துண்டு ரொட்டியைக்கூட வாயில் வைக்காமல். பகையாளிகூட ரொட்டியைத் தொட்டுவிட்டுத்தான் போவான். நான் மூன்று நாளும் மேசையைக் கலைக்காமல் வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான், மன்றத்தில் இல்லை.

வசந்தத்தில் குழாய் வாங்கித் தருவதாக எழுதினாயே, அதை மறக்கவில்லை. மேலத் தெருவுக்கு இன்னும் இருநூறு மீட்டர் வேண்டும். புது மனு எழுதியாகிவிட்டது, இத்துடன் இருக்கிறது. மேலே உன் முழுப் பெயரையும் நானே எழுதியிருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்தேன், எழுத்துப் பிழை இல்லை. இனி அலுவலகத்துக்கு வரும் காகிதங்களில் இப்படித்தான் எழுதுவேன். வீட்டுக்கு வரும் கடிதங்களில் எப்படி எழுதுவேன் என்பதை மேலே பார்த்துக்கொள்.

நீ யார் என்று கேட்டாய். ரொட்டி சுட்டு, துணியில் கட்டி, தொக்தோசுனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவன் தின்றுவிட்டால் நீயே வந்து வாங்கிக்கொள். முள் போட்டிருக்கிறோம், பள்ளத்தைப் பார்த்து வா.

இன்னும் ஒன்று. அன்றைக்கு மன்றத்தில் சொன்னபோது பயத்தில் எதையும் கவனிக்கவில்லை. திரும்பும்போது லாரியில் பின்னால் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன், சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அங்கே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், கோபமில்லாமல், மெதுவாக. இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அழகான பெயர்.

அண்ணி